குறுகிய விடுமுறையில் நெய்யாற்றுக் காடு

உத்தியோகத்தின் பொருட்டு வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்கள், ஊருக்குப் புறப்படும்போது கையில் ஒரு பட்டியலுடன் புறப்படுவது வழக்கம். சாஸ்தா கோவிலில் ஒரு வழிபாடு, இரண்டு கல்யாணங்கள், ஒரு புதுமனை புகுவிழா, நிலவரி ரசீது, அத்தை வீட்டில் ஒரு விருந்து ஆகியவை அதில் தவறாமல் இடம்பெறும். அண்மைக் காலமாக அப்பட்டியலின் அடியில் இன்னொரு வரியும் சேர்ந்துவருகிறது. பிள்ளைகளுக்குக் காடு காட்ட வேண்டும் என்பதே அவ்வரி. அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகள் யானையைக் குடியரசு தின அணிவகுப்பின் படங்களிலும், மலையைப் பாடப்புத்தகத்திலும் மட்டுமே கண்டிருக்கிறார்கள் என்ற குறை பெற்றோரை உறுத்துகிறது. ஆயினும் பட்டியலில் கடைசியாக வரும் காரியத்துக்குக் கடைசியாக மிஞ்சும் நேரமே கிடைக்கிறது. காடு அவ்வாறு மிஞ்சிய நேரத்தில் பார்க்கத்தக்க பொருளன்று என்பதை நான் ஒரு முழு நாளை வீணாக்கித் தெரிந்துகொண்டேன்.

நான் தில்லியில் மத்திய அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். என் தாயார் பிறந்த ஊர் பாறசாலைக்கு அருகில். தந்தையாரின் ஊர் களியக்காவிளைக்குக் கிழக்கே, விளவங்கோடு வட்டத்தில். இரண்டு ஊர்களுக்கும் இடையே மிதிவண்டியில் போய்வந்துவிடலாம். ஆனால் ஒன்று கேரளத்தில் இருக்கிறது, மற்றொன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. இவ்விரண்டு ஊர்களிலிருந்தும் வடகிழக்கே நோக்கினால், வானம் தெளிந்த காலை வேளைகளில் நீலநிறத்தில் ஒரு மலைத்தொடர் தோன்றும். அதன் உச்சிதான் அகத்தியர் மலை. பழந்தமிழ் நூல்கள் பொதியில் என்றும் பொதிகை என்றும் போற்றும் மலை அதுவே என்பது வழிவழியாக வரும் கொள்கை. அம்மலையின் மேற்குச் சரிவில் பிறந்து, ஏறக்குறைய 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறு என்னும் இடத்தில் அரபிக்கடலில் கலக்கும் ஆறு நெய்யாறு. கிழக்குச் சரிவில் பிறப்பது நம் தாமிரபரணி.

மேலே செல்வதற்குமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். தொழில் காரணமாக வந்த பழக்கம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். ‘நேஷனல் பார்க்’ என்பதைத் தேசியப் பூங்கா என்று எழுதிவருகிறோம். பூங்கா என்றதும் நம் மனத்தில் தோன்றுவது என்ன? சிமெண்டு இருக்கை, சறுக்குமரம், சுண்டல் விற்பவர், மாலை ஆறு மணிக்கு அடிக்கும் விசில். அச்சொல்லைக் கேட்டுப் பழகிய குடும்பம், காட்டு வாசலிலும் சறுக்குமரத்தைத் தேடுகிறது. நம் நாட்டில் இவ்வகை இடங்களை வகுப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டப்படி தேசியப் பூங்காவில் தனியார் உரிமை எதுவும் எஞ்சியிருக்கக் கூடாது; மாடு மேய்க்கவும் இடமில்லை. சரணாலயத்தில் அங்கு முன்பிருந்தே வாழ்வோரின் உரிமைகள் சில தொடரலாம். இரண்டிலும் பொதுமக்கள் நுழைவது உரிமையால் அன்று, அனுமதியால்தான். சுற்றுலாவுக்காக நுழையவும் அனுமதி வேண்டும் என்றே சட்டம் கூறுகிறது. சீட்டுக் கொடுக்கும் சாளரத்தில் நாம் பெறுவது வேடிக்கை பார்ப்பதற்கான டிக்கெட் அன்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

பெயரைக் கொண்டு காட்டின் தன்மையை அளந்துவிடவும் முடியாது. சென்னையில் ஆளுநர் மாளிகையை அடுத்துள்ள கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நெய்யாறு, பெயரளவில் சரணாலயமே, 1958-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 128 சதுர கிலோமீட்டர். அதற்கு வடக்கே 1983-ல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை சரணாலயம், கிழக்கே தமிழ்நாட்டின் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், தெற்கே கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் எனக் காடு தொடர்ந்து செல்கிறது. இவற்றையும் சுற்றியுள்ள வனங்களையும் சேர்த்து 2001-ல் அகத்தியர் மலை உயிர்க்கோளக் காப்பகம் அமைக்கப்பட்டது. இரு மாநிலங்களிலுமாக அதன் பரப்பு ஏறக்குறைய 3,500 சதுர கிலோமீட்டர். 2016-ல் யுனெஸ்கோ நிறுவனம் அதைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 2,254 வகை உயர்நிலைத் தாவரங்கள் இங்கு இருப்பதாகவும், அவற்றுள் 400 வரை வேறெங்கும் காணக் கிடைக்காதவை என்றும் அந்நிறுவனம் குறித்திருக்கிறது. தேசியப் பூங்கா என்ற பட்டம் இல்லாவிடினும், தென்கோடியில் பிறந்தவர்களுக்கு வீட்டு வாசலிலிருந்து ஒரு மணி நேரத்தில் எட்டக்கூடிய பெருங்காடு இதுவே.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் ஊருக்குச் சென்றிருந்தேன். ஒரே நாளில் நான்கு இடங்களுக்கு ஓர் அட்டவணை தயாரித்தேன். காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, பகலில் திற்பரப்பு அருவி, மூன்று மணிக்கு நெய்யாறு, மாலையில் கன்னியாகுமரியில் சூரிய அஸ்தமனம். அலுவலகக் கோப்பில் வைக்கத்தக்க அழகுடன் அந்த அட்டவணை அமைந்திருந்தது. அரண்மனையில் வரிசை நீண்டது. அருவியில் பிள்ளைகள் வெளியே வர மறுத்தார்கள். வழியில் ஒரு கல்யாண ஊர்வலம் சாலையை அடைத்துக்கொண்டது. அணைக்கட்டை நாங்கள் அடைந்தபோது படகுகளைக் கரையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் இடி உருண்டது.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் மகனுக்குக் காத்திருந்தது. ‘நெய்யாற்றில் சிங்கம் பார்க்கலாம்’ என்று நான் தில்லியிலிருந்தே அவனுக்குச் சொல்லிவந்தேன். நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் எனக்குக் காட்டியது அது. நீர்த்தேக்கத்தின் நடுவே ஒரு மேட்டுநிலத்தில் 1980-களில் சிங்க உலாவிடம் ஒன்றை வனத்துறை அமைத்திருந்தது. கம்பியடித்த வண்டியில் நம்மை அதனுள் அழைத்துச் செல்வார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, சிங்கங்கள் ஒவ்வொன்றாக முதுமையாலும் நோயாலும் மறைந்தன. எஞ்சியவையும் 2021-ல் இறந்துபோயின. நான் இதை விசாரித்து அறியவில்லை, நினைவை நம்பிவிட்டேன். வாசலில் நின்ற காவலர் மெல்லிய குரலில் உண்மையைச் சொன்னபோது என் மகன் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. ஊரைவிட்டு வந்த நாம், ஊர் நாம் விட்டுவந்த நிலையிலேயே நின்றுகொண்டிருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். சிங்கம் ஒருபோதும் இந்தக் காட்டின் பிராணியன்று. அது கொண்டுவந்து வைக்கப்பட்டது. இதையும் அவனுக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிரவு பாறசாலையில் தாய்மாமன் வீட்டுத் திண்ணையில் இந்தக் கதையைச் சொன்னேன். மாமா நீண்ட நேரம் சிரித்தார். பிறகு, “மக்களே, காடு உனக்க லீவைப் பாத்தா இருக்கு?” என்று கேட்டார். அடுத்த முறை வரும்போது ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கு, ஓரிடத்தை மட்டும் சொல்லு, நான் கூட்டிப் போகிறேன் என்றார். அவர் சொன்ன ‘ஓரிடம்’ என்பதைத்தான் நேயர்களும் முதலில் தீர்மானிக்க வேண்டும். நெய்யாற்றுப் பகுதிக்கு வருவோர் முன் மூன்று வழிகள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக அமையும். ஒன்றன்பின் ஒன்றாக அவசரமாகச் செய்து முடிக்கத்தக்கவை அல்ல.

முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்குக் கோட்டூரை அடுத்த காப்புக்காடு பொருந்தும். அங்கு வனத்துறையின் யானை மறுவாழ்வு மையம் 2006 முதல் நடைபெற்று வருகிறது. தாயைப் பிரிந்த குட்டிகளையும், வயது முதிர்ந்த யானைகளையும் அங்கு வளர்க்கிறார்கள். காலையில் யானைகள் நீராடுவதையும் உணவு உண்பதையும் பார்க்கலாம். இங்கு நடக்க வேண்டிய தூரம் குறைவு, பயமும் இல்லை. யானையை முதன்முதலாகக் காணும் குழந்தை அதன் தும்பிக்கையில் மட்டும் அரைமணி நேரம் லயித்து நிற்கும். அந்த அரைமணியை நாம் பறிக்கக் கூடாது. வார விடுமுறை நாள் எது, நீராட்டு நேரம் எது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, இவை மாறக்கூடியவை.

இரண்டாவது வழி, நெய்யாறு அணைக்கட்டும் அதன் நீர்த்தேக்கமும். நெய்யாற்றங்கரையிலிருந்தும், காட்டாக்கடையிலிருந்தும் அணைக்கட்டுக்குப் பஸ் உண்டு. ரயிலில் வருவோர் திருவனந்தபுரம் - நாகர்கோவில் பாதையில் நெய்யாற்றங்கரையிலோ பாறசாலையிலோ இறங்கிக்கொள்ளலாம். ஆனால் எல்லா விரைவு ரயில்களும் இவ்விடங்களில் நிற்பதில்லை. அணை 1950-களில் எழுந்தது. நீர்த்தேக்கத்தின் கரைகளில் காடு நேராக நீரில் இறங்குகிறது. படகில் செல்லும்போது எதிர்க்கரையில் மிளா மான்கள் நீர் அருந்துவதையும், மரக்கிளைகளில் கருமந்திகள் தாவுவதையும் காணும் வாய்ப்புண்டு. யானைக்கூட்டம் கண்ணில் பட்டால் அது உங்கள் பேறு. படாவிட்டால் படகோட்டியைக் குறை கூறுவதில் பயனில்லை. நடக்க வல்லவர்கள், வனத்துறையின் வழிகாட்டியுடன் மீன்முட்டி, கொம்பை ஆகிய அருவிகள் வரை செல்லும் ஏற்பாட்டைப் பற்றி முந்தின வாரமே தொலைபேசியில் விசாரிக்கலாம். வழிகாட்டி இல்லாமல் செல்லும் எண்ணமே வேண்டாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நீர்த்தேக்கத்தின் ஓரம் எத்தனை அமைதியாகத் தோன்றினாலும் அதில் இறங்கிக் குளிக்கக் கூடாது. அழிந்துவந்த முதலை இனத்தைக் காக்கும் நோக்கத்துடன் 1977-ல் இங்கு ஒரு முதலைப் பண்ணை தொடங்கப்பட்டது. அங்கு வளர்ந்த முதலைகளை நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். அவை பெருகின. கரையோரத்தில் துணி துவைக்கவும் குளிக்கவும் வந்த எளிய மக்கள் சிலர் தாக்கப்பட்டனர். பின்னர் முதலைகளைப் பிடித்து வைத்துப் பராமரிக்க ஒரு மையம் ஏற்பட்டது. ஆஸ்திரேலிய நாட்டு வனவிலங்கு ஆர்வலர் ஸ்டீவ் இர்வினின் பெயர் 2007-ல் அதற்கு இடப்பட்டது. விலங்கைக் காக்கச் செய்த ஒரு நற்காரியம், அங்கு வாழும் மனிதர்மேல் ஒரு சுமையாய் விழுந்த கதை இது. முதலைக் கூண்டின் முன் நின்று பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது இக்கதையையும் சொல்லலாம், அவர்களுக்குப் புரியும்.

மூன்றாவது வழி அகத்தியர்கூடம். கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர் உயர்ந்த சிகரம். இதற்கான பாதை இப்போது கேரளப் பக்கத்தில் போனக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டத்திலிருந்து தொடங்குகிறது. முதல் நாள் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர் நடந்து அதிருமலை முகாமில் தங்க வேண்டும். மறுநாள் விடியலில் புறப்பட்டுச் சிகரம் ஏறித் திரும்ப வேண்டும்; சில இடங்களில் பாறையில் கட்டிய கயிற்றைப் பற்றி ஏற நேரும். மூன்றாம் நாள் மீண்டும் போனக்காடு. ஆண்டுதோறும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் வரையிலான சில வாரங்கள் மட்டுமே பாதை திறந்திருக்கும். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. உடல்தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். சிறு குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பூஜைப் பொருள்களையும் பிளாஸ்டிக்கையும் கொண்டுசெல்ல முடியாது. ஆண்டுக்காண்டு நிபந்தனைகளில் சிறு மாறுதல்கள் ஏற்படுவதால், அவ்வாண்டு வனத்துறை வெளியிடும் அறிவிப்பை நேரில் படிப்பதே முறை. சென்ற ஆண்டு சென்றுவந்த நண்பரின் சொல் போதாது.

இச்சிகரத்தில் அறிவியலும் ஒரு காலத்தில் தவம் செய்தது என்பதைப் பலர் அறியார். திருவிதாங்கூர் மன்னரின் வான ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவராக 1852-ல் வந்த ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பூமியின் காந்தவிசையை உயரத்தில் அளந்து பார்க்க விரும்பி, 1850-களில் அகத்தியர் மலையின் மேல் ஓர் அளவீட்டுக் கூடம் அமைத்தார். காட்டைத் திருத்தி, கருவிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தக் கூலியாட்களின் பெயர்கள் நமக்கு எட்டவில்லை.

பெண்கள் இம்மலை ஏறுவதற்கு நெடுங்காலம் அனுமதி இல்லாதிருந்தது. 2018-ல் கேரள உயர்நீதிமன்றம் அத்தடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14-ஆம் நாள் தன்யா சானல் என்பவர் முறையான அனுமதியுடன் புறப்பட்டுச் சிகரம் ஏறினார். அம்மலையைத் தங்கள் தெய்வத்தின் இருப்பிடமாக வணங்கும் காணி மக்களுள் சிலர் அப்போது அமைதியான முறையில் தங்கள் வருத்தத்தைத் தெரிவித்தார்கள்; எவரையும் மறிக்கவில்லை. என் மனைவி இதைப் படித்துவிட்டு, அந்த ஆண்டே தன் பெயரையும் பதிவுசெய்ய வேண்டும் என்றாள். விடுப்புத்தான் கிடைக்கவில்லை.

காணி மக்களைப் பற்றி இவ்விடத்தில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நாம் ‘காடு பார்க்க’ச் செல்லும் இடம் அவர்களுடைய குடியிருப்பு. தமிழும் மலையாளமும் கலந்த ஒரு பேச்சு அவர்களுடையது. கேட்டுக்கொண்டே இருந்தால் பாதிக்கு மேல் நமக்கு விளங்கும். 1987-ல் தாவர அறிஞர் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக்குழு ஒன்று இம்மலைகளில் ஏறிக்கொண்டிருந்தது. அறிஞர்கள் களைத்து உட்கார்ந்துவிட, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் மட்டும் ஒரு காட்டுக்காயைக் கடித்துக்கொண்டு களைப்பின்றி நடந்தார்கள். கேட்டபோது, முதலில் சொல்லத் தயங்கிப் பின்னர் செடியைக் காட்டினார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1990-களின் நடுவில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனமொன்றுக்கு உற்பத்தி உரிமையை அளித்தது. கிடைத்த தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கைக் கொடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்றென உலக நாடுகள் இதை எடுத்துக்காட்டின. பங்கு எல்லோருக்கும் சரியாகச் சென்றதா, செடியைச் சேகரிக்க வனச்சட்டம் இடம் கொடுத்ததா என்பவை வேறு கேள்விகள். அவை எளிதில் தீரவில்லை.

ஆகவே, காணிக் குடியிருப்பின் வழியே நடக்கும்போது முற்றத்தில் இருப்பவர்களைக் கேளாமல் படமெடுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு மிட்டாய் வாரி இறைப்பதும் வேண்டாம். எந்தச் செடியையும் ‘மூலிகையாயிருக்குமோ’ என்று பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வது, ஊர்க்காரர்களான நம்மிடம் உள்ள ஒரு தீராத வியாதி. சரணாலயத்தில் அது குற்றமும் ஆகும்.

பருவத்தைப் பற்றிய யோசனை இன்றியமையாதது. வெளிமாநிலத்தில் இருப்போர்க்குக் கிடைக்கும் விடுமுறைகள் மூன்று: கோடை, பூஜை, ஆண்டிறுதி. கோடையின் தொடக்கத்தில் காடு வறண்டு, தீ அபாயத்தால் சில பாதைகளை மூடிவிடுவதுண்டு. ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். வடநாட்டில் வெயில் கொளுத்தும் அதே நாளில் இங்கே சாலை தெரியாமல் மழை பெய்யும் என்பதை நம் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பூஜை விடுமுறை, வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் வருகிறது. காலையில் வெயில், பிற்பகலில் இடியுடன் மழை. மலைச்சரிவில் மழையை விளையாட்டாகக் கொள்ளலாகாது. சரணாலயத்தின் அருகிலுள்ள அம்பூரியில் 2001 நவம்பர் 9-ஆம் நாள் மாலை ஏற்பட்ட நிலச்சரிவில், வீட்டில் உறவினர் கூடியிருந்த நேரத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுள் புதைந்து மாண்டனர். ஆண்டிறுதியும் ஜனவரியுமே ஏற்ற காலம். மழை ஓய்ந்து, அருவிகளில் நீர் குறையாமல், காலையில் மூடுபனியும் பகலில் இளவெயிலுமாக இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ரயிலில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னதாகத் தொடங்குகிறது. ஜனவரிப் பயணத்துக்கு நவம்பரிலேயே இருக்கை பெற்றாக வேண்டும். ஆனால் அகத்தியர்கூட அனுமதிக்கான பதிவு பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில்தான் திறக்கிறது. திறந்த சிறிது நேரத்தில் நல்ல நாள்களெல்லாம் தீர்ந்துவிடுகின்றன. எனவே ரயில் சீட்டு முந்திக்கொள்கிறது, மலைச் சீட்டு பிந்துகிறது. சிகரத்தையே நம்பி விடுமுறையை அமைத்தவர் ஏமாறக்கூடும். அணைக்கட்டையோ கோட்டூரையோ உறுதியாக வைத்துக்கொண்டு, சிகரம் கிடைத்தால் ஏறுவது என்று மனத்தை அமைத்துக்கொள்வதே விவேகம். அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதும்போது இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டுவைத்தால் இன்னும் நல்லது; மேலதிகாரி அதில் ஒன்றைக் குறைத்தாலும் ஒன்று மிஞ்சும்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவு. மழைக்காலமாயின் அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் முழங்கால்வரை நீண்ட காலுறையும் போதும். மண்நிறமோ பச்சையோ உள்ள ஆடை. செருப்புக்குப் பதில் பிடிப்புள்ள காலணி. குரங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம். கட்டுச்சோற்றை வாழையிலையில் கட்டினால் மீண்டும் சுமந்துவர ஒன்றும் இராது. புலி பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம். என் சிங்கத்தை நினைவில் கொள்க.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு டிசம்பர் இறுதியில் மாமா தம் வாக்கைக் காப்பாற்றினார். அதிகாலையில் பாறசாலையிலிருந்து புறப்பட்டோம். வழியில் விளவங்கோட்டுப் பக்கம் செல்லும் இடதுகரைக் கால்வாயின் ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கால்வாயில் புல் முளைத்திருந்தது. நெய்யாறு அணை கட்டப்பட்ட காலத்தில், விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கர் நிலமும் அதன் பாசனத்தில் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழியே மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. தமிழர்கள் கேட்டிருந்த நெய்யாற்றங்கரை கேரளத்திலேயே நின்றது. ஆனாலும் தண்ணீர் பல ஆண்டுகள் எல்லையைப் பாராமல் வந்துகொண்டிருந்தது. 2004-ல் அது நின்றது. 2012-ல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நெய்யாறு முழுவதும் தம் மாநிலத்துக்குள்ளேயே ஓடும் ஆறு என்பது கேரளத்தின் வாதம். பழைய திட்டத்தில் தனக்குரிய பங்கு என்பது தமிழ்நாட்டின் வாதம். அதன் நியாயங்களில் புகுவது என் வேலையன்று. எல்லைக்கு அப்பால் இருக்கும் என் தந்தையாரின் நெல்வயல் இப்போது வாழைத்தோட்டமாகவும் ரப்பராகவும் மாறியிருக்கிறது. எல்லைக்கு இப்பால் இருக்கும் மாமாவும் அதே ஆற்றின் மனிதர்தாம். இருவரும் அதைப்பற்றிச் சண்டையிட்டு நான் கேட்டதில்லை.

அணைக்கட்டில் அன்று முதல் படகிலேயே இடம் கிடைத்தது. பனி விலகாத நேரம். படகோட்டி ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். எவரும் பேசவில்லை. பத்து நிமிடத்துக்குப் பின் எதிர்க்கரை மூங்கில் புதரில் ஓர் அசைவு தெரிந்தது; நான்கைந்து காட்டெருதுகள் வெளிவந்து, எங்களைச் சிறிதும் மதியாமல் நீர் அருந்திவிட்டு உள்ளே சென்றன. கால்களில் வெள்ளை உறை அணிந்தாற்போன்ற அவற்றின் நிறத்தை மகள் முதலில் கவனித்துச் சொன்னாள். மகன் வேறொன்று கேட்டான். “அப்பா, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” பனிக்கு மேலே தெரிந்த சிகரத்தைக் காட்டினேன். “எங்கே போகும்?” என்று கேட்டான். பூவாறு என்றேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, காலையில் கண்ட கால்வாயையும் அவனுக்கு நினைவுபடுத்தினார்.

பகலுணவுக்குப் பின் முதலை மையத்தைப் பார்த்தோம். நான்கு மணிக்குக் காட்டாக்கடை பஸ்ஸில் ஏறிவிட்டோம். கோட்டூருக்கும் போகலாமே என்று என் மனைவி கேட்டாள். அடுத்த விடுமுறைக்கு என்று மாமா சொல்லிவிட்டார்.